கரிப்பூர்–ஜித்தா: வழித்தடம் திரும்பியது, பெரிய விமானம் திரும்பவில்லை

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 4.25 மணி. கரிப்பூரில் இருக்கும் கோழிக்கோடு விமான நிலையத்திலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 ஒன்று 145 ஹஜ் பயணிகளோடு ஜித்தாவுக்குக் கிளம்பியது. நான்கு வருடம் கழித்து கரிப்பூரிலிருந்து கிளம்பிய முதல் ஹஜ் விமானம் அது. மலப்புரம் மாவட்டத்தில் அன்று பல வீடுகளில் இரவு முழுக்கத் தூக்கமில்லை. வழியனுப்ப வந்தவர்களின் ஜீப்பும் வேனும் கொண்டோட்டி சாலை நெடுக நின்றன.

விமானம் திரும்பிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் 2019-இல் இங்கிருந்து போனது ஒரு முறைக்கு 300 பேரை ஏற்றிய பெரிய விமானம். 2023-இல் வந்தது அதில் பாதியைத் தாங்கும் சிறிய விமானம். இந்த ஒரு மாற்றம் அடுத்த இரண்டு வருடத்தில் என்னவெல்லாம் செய்தது என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம். ஒரு வழித்தடத்தை மீட்பதென்றால் அட்டவணையில் ஊர்ப் பெயர் மறுபடி வந்தால் போதுமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த வரையில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோழிக்கோட்டிலிருந்து ஜித்தாவுக்கு வழக்கமான விமானம் உண்டு. வேலைக்குப் போகிறவர்களும் உம்ரா என்கிற சிறிய மக்கா யாத்திரை போகிறவர்களும் அதில்தான் போகிறார்கள். இங்கே பேசுவது ஹஜ் கமிட்டி என்கிற அரசு அமைப்பின் வழியாக வருடத்துக்கு ஒரு தடவை ஓடும் தனி ஏற்பாட்டைப் பற்றி. போவதற்கு மூன்று வாரம், திரும்புவதற்கு மூன்று வாரம், நடுவில் இடைவெளி. பருவகால வழித்தடம் என்றால் இதுதான் அசல் பருவகால வழித்தடம். இதில் ஒரு விசேஷம் உண்டு. பருவத்தைத் தீர்மானிப்பது வெயிலோ பள்ளி விடுமுறையோ இல்லை, பிறை. ஹிஜ்ரி நாட்காட்டி ஆங்கில நாட்காட்டியைவிட வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. அதனால் ஹஜ் பருவமும் மெல்ல மெல்ல ஆகஸ்டிலிருந்து ஜூலைக்கும், ஜூலையிலிருந்து ஜூனுக்கும் வருகிறது. விமான நிறுவனத்துக்கு எந்த வருடமும் முந்தைய வருடம் மாதிரி அமைவதில்லை.

கரிப்பூர் எப்படிப்பட்ட இடம்

கோழிக்கோடு விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது மலப்புரம் மாவட்டத்தில், கொண்டோட்டிக்குப் பக்கத்தில், கரிப்பூரில். 1988 ஏப்ரல் 13 அன்று திறந்தார்கள். 2006-இல் சர்வதேச விமான நிலையமானது. செம்மண் பாறைக் குன்று ஒன்றின் உச்சியைச் சமன்படுத்தி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் டேபிள்டாப் என்கிறார்கள். மேசையின் விளிம்பு மாதிரி, ஓடுபாதை முடிகிற இடத்துக்கு அப்பால் நிலம் சரிந்து இறங்குகிறது. சமதளத்தில் இருக்கும் நிலையத்தில் விமானம் கொஞ்சம் தாண்டி ஓடினால் புல்வெளியில் நிற்கும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை.

ஓடுபாதையின் நீளம் 2,860 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க: கண்ணூரில் 3,050, கொச்சி நெடும்பாசேரியில் 3,400.

சரி, அப்படியானால் ஏன் இங்கிருந்துதான் வேண்டும் என்கிறார்கள்? கேரளத்திலிருந்து ஹஜ் போகிறவர்களில் பெரும்பங்கு மலபார் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மாநில ஹஜ் கமிட்டியின் அலுவலகமும் ஹஜ் ஹவுஸும் கரிப்பூரிலேயே இருக்கின்றன. பயணி முதலில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு ஹஜ் ஹவுஸில் தங்குகிறார். இருபது கிலோவாக இரண்டு பெட்டி, கையில் ஏழு கிலோ. பாஸ்போர்ட்டும் கையில் கட்டும் வளையமும் கிடைக்கின்றன. நேராக ஜித்தாவுக்குப் போகிற விமானம் என்பதால் ஹஜ் உடையோடுதான் தாண்ட வேண்டிய எல்லைக்கோடான மீக்காத்தை நடுவானிலேயே தாண்டிவிடும். ஆகவே ஆண்கள் குளித்து, தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகளைக் கரிப்பூரிலேயே உடுத்திக்கொள்கிறார்கள். ஹஜ் பயணிகளின் முழக்கமான தல்பியா ஒலிக்க பஸ் கிளம்புகிறது. வாசலில் பேரப்பிள்ளைகள் கையை விடாமல் நிற்கிறார்கள். இப்படி ஒரு வழியனுப்பு வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நடப்பதற்கும், நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி நெடும்பாசேரியில் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பயணிகளில் நிறையப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, முதல் தடவையாக, பெரும்பாலும் ஒரே தடவையாகப் போகிறவர்கள்.

இரண்டு முறை போனது

கரிப்பூரைவிட்டுப் பெரிய விமானம் முதல் தடவை போனது 2015-இல். ஓடுபாதையை மறுசீரமைக்க வேண்டும் என்று அந்த வருடம் மே முதல் பெரிய ரக விமானங்களை நிறுத்தினார்கள். ஹஜ் பயணமும் நெடும்பாசேரிக்கு மாறியது. சில மாதத்துக்கு என்று சொன்னது நான்கு ஹஜ் பருவங்கள் நீடித்தது. 2018 டிசம்பர் 5 அன்று சவூதியா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 கரிப்பூரில் இறங்கியபோது, பெரிய விமானம் திரும்பிவிட்டது என்று ஊரே கொண்டாடியது. அதற்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, கண்ணூர் விமான நிலையம் திறந்தது. அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. பின்னால் அந்தக் கண்ணூர்தான் கரிப்பூரின் ஹஜ் பயணிகளை இழுத்துக்கொள்ளப் போகிறது.

2019 ஜூலையில் சவூதியா விமானத்தில் 300 பேர் கொண்ட முதல் குழு கிளம்பியது. அந்த ஒரு பருவம் முழுமையாக நடந்தது.

இரண்டாம் தடவை போனது 2020 ஆகஸ்ட் 7 இரவு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஆட்களை அழைத்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, கொட்டும் மழையில் இறங்கியது. முதல் முயற்சியைக் கைவிட்டு, எதிர்த் திசையிலிருந்து, பின்காற்றோடு இரண்டாவது முயற்சி. விசாரணை அறிக்கையின்படி 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. ஏறக்குறைய பாதி ஓடுபாதை அதற்குள் போய்விட்டது. விமானம் முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், விமானிகள் இருவரும் அதில் அடக்கம்.

அந்த இரவில் கொண்டோட்டிக்காரர்கள் செய்ததைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி, வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. மழை. இருந்தும் ஓடி வந்து இருக்கைகளுக்கு நடுவில் சிக்கியவர்களைத் தூக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரியில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மறுநாள் அத்தனை பேரும் தனிமைப்படுத்தலில் போய் உட்கார்ந்தார்கள். கரிப்பூர் விமான நிலையத்தின் மேல் அந்த ஊருக்கு உரிமை இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு முக்கியக் காரணம் அந்த இரவுதான்.

விபத்துக்கு முக்கியக் காரணமாக விசாரணைக் குழு சொன்னது, விமானத்தை இறக்கிய விமானி வரையறுத்த நடைமுறையைப் பின்பற்றாததை. விபத்துக்குள்ளானதும் சிறிய ரக விமானமே. ஆனால் அதன் பிறகு நின்றது பெரிய ரக விமானங்கள். 'சிறியது விழுந்ததற்குப் பெரியதை ஏன் நிறுத்துகிறீர்கள்?' என்று மலப்புரத்தில் இன்றும் கேட்கிறார்கள். எரிச்சல் நியாயமானதுதான். இருந்தாலும் பாதுகாப்புக் கணக்கில் அந்தத் தடையைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. முனைக்கு அப்பால் சரிவு உள்ள இடத்தில், எடை கூடின விமானம் ஈர ஓடுபாதையில் தாண்டி ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பரிசோதனை தேவையில்லை. நான் கேட்பது வேறு கேள்வி: அந்தத் தடையின் செலவை யார் தலையில் வைத்தார்கள்?

2020-லும் 2021-லும் வெளிநாட்டுப் பயணிகளுக்கே சவூதி அனுமதி இல்லை. 2022-இல் உலகம் முழுவதற்கும் பத்து லட்சம் பேர்தான். இந்தியாவுக்குக் கிடைத்தது 79,237 இடம். ஹஜ் விமானங்கள் கிளம்பும் நிலையங்களான நாட்டின் 21 புறப்பாட்டு மையங்களைப் பத்தாகக் குறைத்தார்கள். தெற்கே கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத் மட்டும். கரிப்பூர் இல்லை. சென்னையும் இல்லை. தமிழ்நாட்டுப் பயணிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டியிருந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையைத் திரும்பத் தரச் சொல்லிக் கடிதம் எழுதியது அப்போதுதான். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொச்சிதான் கிட்டம் என்பது உண்மை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி பெரியவர்களுக்கு அது பெரிய அலைச்சல். 2023-இல் சென்னையும் கரிப்பூரும் சேர்ந்தே பட்டியலுக்குத் திரும்பின. கண்ணூர் புதிதாகச் சேர்ந்தது.

திரும்பி வந்த பருவம்

2023-இல் கரிப்பூர், கண்ணூர் இரண்டுமே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு. நெடும்பாசேரி சவூதியாவுக்கு. கரிப்பூரிலிருந்து ஜூன் 4 முதல் 22 வரை 44 விமானங்களில் 6,363 பேர். கண்ணூரிலிருந்து 13 விமானங்களில் 1,873 பேர். போவது ஜித்தாவுக்கு, திரும்புவது ஜூலை 13 முதல் மதீனாவிலிருந்து. இதுதான் திட்டம்.

காகிதத்தில் எளிதாகத் தெரிகிறது. களம் அப்படி இல்லை. அந்த வருடம் ஜனவரி 15 முதல் ஓடுபாதைக்குப் புதுத் தளம் போடும் வேலை. அதற்காகக் காலை 10 முதல் மாலை 6 வரை நிலையத்தில் விமானம் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஆக நாளுக்கு இரண்டு மூன்று ஹஜ் விமானங்களை விடிகாலை, காலை, அந்தி என்று மிச்ச நேரத்தில் நுழைக்க வேண்டும். வளைகுடாவின் வழக்கமான விமானங்களும் அதே நேரங்களில்தான் ஓடியாக வேண்டும். போதாததற்கு ஜூன் முதல் வாரத்தில் அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல் உருவானது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை அறிவித்த நாள் ஜூன் 8.

அதே ஜூன் 8 மாலை 6.45-க்கு, ஓடுபாதை திறந்து முக்கால் மணி நேரத்தில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஐஎக்ஸ் 3025 கிளம்பியது. அதில் 145 பயணிகள், எல்லோரும் பெண்கள். விமானி கனிகா மெஹ்ரா, துணை விமானி கரிமா பாஸி, பணிப்பெண்கள் நால்வர். விமானத்தில் ஆண் ஒருவர்கூட இல்லை. நாட்டின் முதல் பெண்கள் மட்டுமே கொண்ட ஹஜ் விமானம் அது. அதில் மூத்தவருக்கு வயது 76. ஆண் துணை இல்லாமல் விண்ணப்பித்த பெண்கள் அந்த வருடம் நாடு முழுக்க நாலாயிரத்துக்கு மேல். அவர்களில் கேரளத்தின் பங்கு பெரியது. இதை விளம்பர நிகழ்ச்சி என்று ஒதுக்கிவிட மாட்டேன். கணவரை இழந்த, பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிற ஒரு பெண்மணிக்கு வீட்டுப் பக்கத்திலிருந்தே, தன்னைப் போன்றவர்களோடு ஒரு விமானம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. சொந்த ஊரில் வழித்தடம் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த ஒரு விமானம் காட்டியது.

காலி இருக்கைகளின் கணக்கு

இந்த வியாபாரத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

சாதாரண விமானம் போகும்போது ஒரு கூட்டம், வரும்போது ஒரு கூட்டம் என்று ஏற்றும். ஹஜ் விமானம் அப்படி இல்லை. ஜூனில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். ஜித்தாவில் இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்ப வேண்டும். ஜூலையில் இதற்கு நேர் எதிர். மதீனாவுக்குக் காலியாகப் போய் ஆட்களை ஏற்றி வர வேண்டும். ஒரு பயணிக்காக விமானம் நான்கு முறை கடலைத் தாண்டுகிறது. இரண்டு முறை அவரோடு, இரண்டு முறை அவரில்லாமல்.

காலியாக வருகிறது என்றேன், முழுக்கக் காலியும் இல்லை. மக்காவின் புனித நீரான ஜம்ஜம் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு ஹாஜிக்கும், அதாவது ஹஜ் பயணிக்கும், ஐந்து லிட்டர் கேன். அவர்கள் திரும்பும்போது அந்த எடை விமானத்தில் ஏறக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கொண்டு வந்து நிலையத்தில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். 6,363 பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 32 டன். ஹாஜி வந்து இறங்கும்போது அவருடைய தண்ணீர் அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து காத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

இனி இருக்கைகள். இந்த ரக 737-இல் 186 முதல் 189 இருக்கை வரை உண்டு. ஏற்றியது 145. கரிப்பூரிலிருந்து ஜித்தா நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஐந்தரை மணி நேரப் பறத்தல். அவ்வளவு எரிபொருள், ஆளுக்கு 47 கிலோ சாமான் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் நாற்பது இருக்கையை விட்டுக்கொடுத்துத்தான் கிளம்ப வேண்டும். எடை கூடினால் ஓடவேண்டிய தூரமும் கூடும். ஓடுபாதை ஈரமாக இருந்தால் கணக்கு இன்னும் இறுகும்.

44 விமானம், நான்கு முறை, 189 இருக்கை. பெருக்கினால் 33,264 இருக்கைப் பறத்தல்கள். அதில் ஆள் உட்கார்ந்தது 12,726. நூறுக்கு நாற்பதைக்கூடத் தொடவில்லை. இதே 6,363 பேரை, பின்னர் கண்ணூருக்கு வந்த சவூதியா விமானம்போல ஒரு நேரத்துக்கு 361 பேர் என்று ஏற்றியிருந்தால் 18 விமானம் போதும். 176 தடவை கடலைத் தாண்டுவதற்குப் பதில் 72 தடவை. விமானி நேரம், தரைப் பணியாளர், இறங்கு கட்டணம், வழக்கமான வளைகுடா பயணங்களிலிருந்து எடுத்துக்கொடுத்த விமானங்கள் என்று எல்லாச் செலவும் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வருடம் கண்ணூரிலிருந்தும் ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய 145 பேர்தான். அங்கே ஓடுபாதை நீளமானது, முனையில் சரிவுப் பயமும் இல்லை. ஆக, நாற்பது இருக்கை காலியாகப் போனதற்கு முழுப் பழியையும் கரிப்பூர் ஓடுபாதையின் மேல் போட முடியாது. சிறிய விமானத்தில் ஹஜ் சாமானோடு நெடுந்தூரம் போவதற்கான விலை அதில் பெரும்பகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

விலை பிரிந்த வருடம்

2023-இல் மூன்று மையங்களிலும் பயணி கட்டிய மொத்தத் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டி, இரண்டாயிரம் ரூபாய் முன்னே பின்னே. அதனால் முதல் வருடம் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

2024-க்கான டெண்டர் திறந்தபோதுதான் அதிர்ச்சி. விமானக் கட்டணமாக நெடும்பாசேரிக்கு 86,000 ரூபாய்க்குப் பக்கம், கண்ணூருக்கும் அதை ஒட்டியே, கரிப்பூருக்கு மட்டும் 1,65,000. மலப்புரம் கொதித்தது. மாநில அரசு கடிதம் எழுதியது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் டெல்லியில் அலைந்தார்கள். ஏறத்தாழ நாற்பதாயிரம் குறைந்தது. கடைசியில் மொத்தத் தொகை கரிப்பூரில் 3,73,000, கொச்சியில் 3,37,100, கண்ணூரில் 3,38,000. கணவன் மனைவி இருவர் என்றால் எழுபதாயிரம் கூடுதல். பத்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த குடும்பத்துக்கு அந்த எழுபதாயிரம் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் விண்ணப்பத்திலேயே புறப்பாட்டு மையத்தைக் குறித்துவிட்டுப் பிறகுதான் விலை தெரிந்தது. மாறிக்கொள்ள நேரமும் இல்லை, இடமும் இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரிப்பூரிலிருந்தே போனார்கள். முதல் விமானம் மே 21 நள்ளிரவு தாண்டி, 166 பேரோடு. கண்ணூரில் ஜூன் 1 முதல் சவூதியாவின் பெரிய விமானம், ஒரு தடவைக்கு 361 பேர்.

ஒரு காலத்தில் இந்த வித்தியாசம் பயணிக்கே தெரியாமல் போயிருக்கும். ஹஜ் மானியம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2012-இல் பத்து வருடத்துக்குள் அதை விலக்கச் சொன்னது, 2018-இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. முஸ்லிம் சமூகத்திலேயே பலர் அந்த மானியம் வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தார்கள், பயணியின் பெயரில் விமான நிறுவனத்துக்குப் போகிற பணம் அது என்று. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் மானியம் போன பிறகு ஒவ்வொரு ஓடுபாதையின் குறையும் அந்த ஊர்ப் பயணியின் பையிலிருந்தே நேராக எடுக்கப்படுகிறது.

2025-இல் விஷயம் இன்னும் தெளிவானது. இந்தத் தடவை கண்ணூரும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கே வந்தது. அதே நிறுவனம், அதே ரகச் சிறிய விமானம். கரிப்பூரின் முதல் விமானத்தில் மே 10 அன்று 172 பேர். கண்ணூரின் முதல் விமானத்தில் மே 11 அன்று 171 பேர். ஏற்றிய ஆள் கணக்கு ஒன்றுதான். கட்டண வித்தியாசமோ நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? டேபிள்டாப் என்பதால் எடைக் கட்டுப்பாடு, அதனால் கட்டணம் என்பதுதான் கரிப்பூருக்குச் சொல்லப்படுகிற விளக்கம். 172-க்கும் 171-க்கும் நடுவில் அந்த விளக்கம் நிற்கவில்லை. என் கணிப்பு வேறு. கண்ணூருக்குக் கேட்கும்போது எதிரே சவூதியா பெரிய விமானத்தோடு நிற்கிறது. விலையைக் குறைக்காவிட்டால் மையமே கைமாறிவிடும், 2024-இல் கைமாறியும் இருக்கிறது. கரிப்பூரில் பெரிய விமானத்துக்குத் தடை. ஆகவே பெரிய விமானத்தால் விலையைக் கீழே இழுக்கக்கூடிய போட்டியாளர் அங்கே வரவே முடியாது. தடையால் பயணிக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு எடைக் கட்டுப்பாடு இல்லை. விலை கேட்க இன்னொருவர் இல்லாமல் போனதுதான். ஓடுபாதையைப் பற்றிய ஒரு பாதுகாப்பு முடிவு, யாரும் நினைக்காமலே, சந்தை முடிவாக மாறிவிட்டது.

நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாருக்குக் கைமாறிய நிறுவனம் தன் செலவையும் லாபத்தையும் பார்த்துத்தான் கேட்கும். 2023-இல் சிறிய விமானத்தோடு கரிப்பூருக்கு அது வந்தது, ஓடுபாதை வேலைக்கும் மழைக்கும் நடுவில் 44 விமானங்களுக்குப் பொறுப்பேற்றது. அதை மறக்கக் கூடாது. கேட்க வேண்டியது டெண்டர் விடுகிறவர்களை. ஒவ்வொரு மையத்தையும் தனித்தனிச் சரக்காக ஏலம் விடுவது ஏன்? ஒரு மாநிலத்தின் மூன்று மையங்களையும் ஒன்றாகச் சேர்த்து, கிடைத்த விலைகளைப் பயணிகளின் எண்ணிக்கையால் சராசரி செய்து, எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைக்கலாம். கொச்சிக்காரரும் கண்ணூர்க்காரரும் சில ஆயிரம் கூடுதலாகக் கட்டுவார்கள், அவர்களுக்கு அது சந்தோஷமாக இராது. ஆனால் குன்றின் மேல் விமான நிலையம் அமைந்தது கொண்டோட்டிக்காரரின் தவறு இல்லையே. 2015-க்கு முன்னால் அதே குன்றிலிருந்து பெரிய விமானத்தில் போய் வந்தவர்கள்தானே அவர்கள்.

பயணிகள் காத்திருக்கவில்லை, கால்களால் பதில் சொன்னார்கள். 2025-இல் கரிப்பூரிலிருந்து போனவர்கள் ஐந்தாயிரத்துச் சொச்சம், முந்தைய வருடத்தில் ஏறக்குறைய பாதி. நிறையப் பேர் கண்ணூரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திரூரிலோ பெரிந்தல்மண்ணையிலோ இருக்கிற ஒருவர், வாசலில் இருக்கும் நிலையத்தைத் தாண்டி, மூன்று நான்கு மணி நேரம் வடக்கே போய் விமானம் ஏறுகிறார். இது இப்படியே இன்னும் இரண்டு வருடம் நடந்தால், கரிப்பூரில் ஆள் இல்லை, மையத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த வாதம்தான் எனக்குப் பயம். விலையால் விரட்டிவிட்டு, பிறகு தேவையில்லை என்று முடிவு கட்டுவது.

முனையில் கொட்டுகிற மண்

தடையை நீக்க வழி என்ன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஓடுபாதை முடிவில் ரெசா என்கிற பாதுகாப்புப் பகுதியை 240 மீட்டருக்கு நீட்ட வேண்டும். விமானம் தாண்டி ஓடினாலும் நிற்பதற்கு இடம். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். இருக்கிற ஓடுபாதையைக் குறுக்கி அதிலிருந்தே இடம் எடுப்பது ஒன்று. விபத்துக்குப் பிறகு 2,540 மீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தது. அப்படிச் செய்தால் பெரிய விமானம் என்றைக்கும் வராது என்று எதிர்ப்பு கிளம்பி, அது கைவிடப்பட்டது. இன்னொரு வழி, மேசையையே நீளமாக்குவது. பக்கத்து நிலத்தை வாங்கி, சரிவில் மண் நிரப்பி உயர்த்த வேண்டும். பள்ளிக்கல், நெடியிருப்பு கிராமங்களில் பதினாலரை ஏக்கர் அதற்குத் தேவைப்பட்டது. மாநில அரசு கையகப்படுத்தி விமான நிலைய ஆணையத்திடம் கொடுத்தது.

அந்த நிலத்தில் வீடுகள் இருந்தன. இந்த விமான நிலையத்துக்காக முன்பே நிலம் கொடுத்த ஊர்கள்தான் அவை. முதலில் கடுமையாக எதிர்த்தார்கள். விபத்து நடந்த அன்று ஓடி வந்தவர்களும் இதே சுற்றுப்பட்டில்தான் இருந்தார்கள். கடைசியில் இழப்பீடு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்தார்கள்.

ஹஜ் போகிற எத்தனையோ பேருக்கு இந்த வேலை நடப்பதே தெரியாது. அவர்கள் பார்ப்பது விண்ணப்பப் படிவத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இருக்கும் இரண்டு கட்டங்களை மட்டும். 2023-இல் மலப்புரத்துக்காரர் முதல் கட்டத்தில் யோசிக்காமல் கோழிக்கோடு என்று எழுதினார். இப்போது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, போன வருடத்துக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, கண்ணூர் என்று எழுதுகிறார்.